பதினான்கு நிபந்தனைகளும் ஒரு கறுப்புப் பகடையும்

நிபந்தனையக்காவுக்கு ஒரு வேலை உண்டு, ஒரு கிறுக்கும் உண்டு. இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் யாரும் அப்படி நம்பவில்லை.

வேலை காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீட்டுப் பிரிவில். மூன்றாவது மாடி, தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்து மேசை. இருபத்து மூன்று வருடங்களாக அங்கே உட்கார்ந்துகொண்டு, கார் மோதியது, குழாய் வெடித்தது, வாஷிங் மெஷின் தானாகத் தீப்பிடித்தது என்று வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க.” வந்தவர்கள் நடக்காததையெல்லாம் சொல்வார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்றைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டுவார். அந்த எறும்புகளில் பாதி அக்கா எழுதியவை. கையெழுத்துப் போடுமுன் அவற்றை யாரும் படித்ததில்லை. மாட்டிக்கொண்ட பிறகும் பாதியோடு நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பிப்பார்கள்.

கிறுக்கு, சனிக்கிழமை மத்தியானம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, உடைந்த ஃபிரேம்களும் கண் பரிசோதனை அட்டைகளும் அடுக்கிய ஓர் அறையில் வட்டமேசை போட்டு ஐந்து பேர் உட்கார்வார்கள். கடைக்காரர் கதை நடத்துவார். “இருட்டுக் குகை, உள்ளே ஏதோ மூச்சு விடுது, என்ன செய்யறீங்க?” என்பார் அவர். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்வோம் என்று சொல்லிவிட்டு, மேசையில் பொதுவாக இருக்கும் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்னதாக விழுந்தால் மூச்சுவிடுகிற அந்த ஏதோ ஒன்று நடத்திக் காட்டும். இதில் ஆளைக் கொன்று, உயிர்ப்பித்து, ராஜ்யங்களைக் கவிழ்த்துவிட்டு, ஆறு மணிக்குப் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அக்கா இதில் வந்து மாட்டியதும் வேலையால்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவர், மாடியில் பெரிய சண்டை நடப்பதைக் கேட்டார். ஏற்கெனவே செத்துப்போன ஒருவன் கதவைத் திறந்தது செல்லுமா, செல்லாதா என்று நான்கு பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. படியேறிப் போய், “கதவு திறந்தது எப்ப, ஆள் போனது எப்ப? அதை முதல்ல சொல்லுங்க” என்றார். இரண்டு நிமிடத்தில் வழக்கு முடிந்தது. கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கீழே அக்காவின் புதுக் கண்ணாடி தயாராகி மூன்று மணி நேரம் காத்துக்கிடந்தது.

விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வகை: போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. அந்த வகைக்கு என்ன சக்தி, என்ன பலவீனம், எப்போது எது பலிக்கும் என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கும். கடையில் விற்கும் விதிப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கில் வகைகள் கிடைக்கும். ஆனால் இந்த மேசைக்காரர்கள் அதையெல்லாம் தொடமாட்டார்கள். ஒவ்வொரு புதுக்கதைக்கும் நால்வரும் ஆளுக்கொரு புது வகையை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அங்கே சட்டம்.

பல் டாக்டரம்மா எழுதும் வகைகள் எல்லாமே வலி தாங்குகிறவை. தபால்காரர் எழுதுவதெல்லாம் பறக்கும். நாளெல்லாம் மாடிப்படி ஏறுகிறவருக்கு வேறு என்ன தோன்றும்? லிஃப்ட் மெக்கானிக் எழுதினால் அது சந்து பொந்துகளில் சத்தமில்லாமல் இறங்கும். அக்கா எழுதும் வகைகளுக்கும் சக்திகள் இருந்தன, இல்லையென்று சொல்லக்கூடாது. முதல் வருடம் அவர் எழுதிய நெருப்பு மந்திரவாதி ஒரு ஊரையே எரிக்கக்கூடியவன். ஆனால் மழை நாளிலும், மழை பெய்து இரண்டு நாளுக்குள்ளும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும், எரியப்போகும் பொருளின் உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தராத பட்சத்திலும் அவனால் ஒரு தீக்குச்சியைக்கூடப் பற்றவைக்க முடியாது. நிபந்தனையக்கா என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று இப்போது கேட்டால் தபால்காரரே யோசிப்பார். அவர்தான் அக்கா வீட்டுக்குக் கடிதம் கொண்டுவந்து போடுகிறவர்.

வகைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருந்தது. நான்கு தாள்களையும் மேசையில் பரப்புவார்கள். நால்வரும் சுற்றிவந்து படித்துவிட்டு, பிடித்த தாளின்மேல் தன் அடையாளப் பகடையை வைக்க வேண்டும். தன் தாளில் தானே வைக்கக்கூடாது. வைத்துவிட்டால் கதை முடியும்வரை, அதாவது நாலைந்து மாதம், அந்த வகையைத்தான் கட்டி மேய்க்கவேண்டும். அதனால் இரக்கத்துக்கு யாரும் வைக்கமாட்டார்கள். எழுதியவர் தன் தாளைப்பற்றி வாய் திறக்கவும் கூடாது, கடைக்காரர் நேராகக் கேள்வி கேட்டாலொழிய. தாளே பேசவேண்டும், அதுதான் அங்கே நீதி. பகடை விழாத தாளை எழுதியவரே எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா இதுவரை பதினோரு தாள் மடித்து வைத்திருந்தார். ஒரு முறை டாக்டரம்மா அவருடைய தாளின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். அக்காவுக்கு ஒரு கணம் நெஞ்சு குதித்தது. பிறகு பார்த்தால் கோப்பைதான்.

வெளியே சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது உறுத்தாமல் இல்லை. ஊரிலுள்ளவர்களெல்லாம் தான் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தன்னைத் திட்டுகிறார்கள், சரி, அது சம்பளத்துக்கு. இது ஆசைக்கு எழுதுவது. ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, இதை நான் விளையாடுகிறேன் என்று பகடையை வைத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

பன்னிரண்டாவது தாளுக்கான சனிக்கிழமை நெருங்கியபோது, அக்கா கணவரிடம் போய் நின்றார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தே வாழ்க்கை கழிந்ததால், வீட்டில் சோபாவில் இருக்கும்போதும் டிவியில் ஏதாவது வேகமாக வந்தால் வலது காலைத் தரையில் அழுத்துவார். அக்காவின் தாள்களுக்கு முதல் வாசகரும் அவர்தான்.

“ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. என் தாள்ல என்னதான் குறை?”

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் எழுதற.”

“அப்புறம் ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க?”

கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. “கோச்சுக்கக் கூடாது. மூணாவது நிபந்தனைக்கு மேல நான் படிச்சதில்ல.”

“எந்தத் தாள்ல?”

“எந்தத் தாள்லயும்.”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருடமாக, “எப்படியிருக்கு?” என்று கேட்டதற்கெல்லாம், “கடைசியில நல்லா முடிச்சிருக்க” என்று சொன்ன மனுஷன் இவர்.

“நிபந்தனையே இல்லாம ஒண்ணு எழுதிப் பாரேன். ஒரே ஒரு வரி. கத்துக்க வர்றவங்ககிட்ட முதல் நாளே எல்லா ரூலையும் சொன்னா வண்டியை விட்டு இறங்கி ஓடிருவாங்க. பிரேக் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுவேன்” என்றார் கணவர்.

அக்கா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினார். குணப்படுத்துபவன் என்று ஒரு வகை. தலைப்புக்குக் கீழே ஒரே வரி: தொட்டால் காயம் ஆறும். முற்றுப்புள்ளி வைத்தார். அதற்குப் பிறகு கை சும்மா இருக்க வேண்டுமே. ‘எனினும்’ என்று தட்டிவிட்டது. அழித்தார். ‘ஆயினும்’ என்று தட்டியது. அதையும் அழித்துவிட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டு, அச்சிடும் பொத்தானை அழுத்தக் கணவரைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை நான்கு தாள்களும் மேசைக்கு வந்தன. டாக்டரம்மா அக்காவின் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் வெள்ளைப் பகடையை அதன்மேல் வைத்தார். தபால்காரர் சிவப்பை வைத்தார். மெக்கானிக், மூலை தேய்ந்து பளபளக்கும் கறுப்புப் பகடையைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் உருட்டிவிட்டு, அதையும் அங்கேயே வைத்தார். மேசை வரலாற்றில் ஒரே தாளில் மூன்று பகடை விழுந்தது அதுதான் முதல் தடவை. அக்கா, விதிப்படி வாயைத் திறக்காமல், கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. அக்காவின் பார்வையில் ஏதோ கோளாறு என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் கணவர் முதல் தடவை மாதிரியே கேட்டார். அந்தக் குணத்துக்காகத்தான் அவரை மன்னிக்க முடிகிறது.

சங்கடம் அடுத்த வாரம் தொடங்கியது. தொட்டால் காயம் ஆறும் ஆட்கள் மூன்று பேர். ஒருவன் அடிபட்டால் பக்கத்திலிருப்பவன் தொட்டுவிடுவான். அவனுக்கு அடிபட்டால் இவன் தொட்டுவிடுவான். மெக்கானிக்கின் தாளிலிருந்த திருடனை எடுத்திருந்த அக்கா மட்டும் பின்னாலேயே நடந்துபோய்க்கொண்டிருந்தார். கடைக்காரர் பாவம், பாம்புக் குழி வைத்துப் பார்த்தார், விஷ அம்பு விட்டுப் பார்த்தார். கடைசியில், ஐந்தாவது மாதத்துக்கென்று பொத்திவைத்திருந்த டிராகனை இரண்டாவது சனிக்கிழமையே அவிழ்த்துவிட்டார். மூவரும் நேராக அதன் வாய்க்குள் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருந்தார்கள். டிராகனுக்கு நெருப்புத் தீர்ந்துவிட்டது. தபால்காரர் கைபேசியைப் பார்த்தார். டாக்டரம்மா தன் தாளின் ஓரத்தில் கடைவாய்ப் பற்கள் வரைந்தார். கடைக்காரர் சுத்தமாகவே இருந்த ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் நான்கரை மணிக்கே முடிந்தது.

அக்கா குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் படியேறியபோது, மேலே டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

“செம போரா இருக்கு சார். ஆனா அக்கா மூஞ்சியைப் பார்த்தா சொல்ல மனசே வரல.”

“நாமதானே எடுத்தோம்” என்றார் தபால்காரர். “நீங்க ஏன் சார் எடுத்தீங்க?”

மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். “ஒரு வரிதானே இருந்தது” என்றார்.

அக்கா குடையை எடுக்காமலே இறங்கினார். மழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் நனைந்த மாதிரிதான் நடந்துபோனார். சின்னதாக இருந்தது என்பதற்காக எடுத்திருக்கிறார்கள். அதாவது இந்தத் தடவையும் அக்காவை யாரும் எடுக்கவில்லை. அக்கா எழுதாமல் விட்டதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

தாளைத் திருத்த மேசை விதியில் இடமுண்டு. ஆனால் எழுதியவர் தாளைக் கையிலெடுத்துவிட்டால், அதன்மேலிருந்த பகடைகளும் அவரவர் கைக்குத் திரும்பிவிடும். திருத்தியதைப் படித்துவிட்டு, விருப்பமிருந்தால் மறுபடி வைக்கலாம். ஆறு வருடம் காத்துக் கிடைத்த மூன்று பகடை. பேசாமல் இருந்தால் கதை முடியும்வரை அவை அங்கேயே இருக்கும். நான்கு பேரும் நாலு மாதம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள். 

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஓர் ஆள் வந்தார். பின்பக்கம் நசுங்கிய காருக்கு இழப்பீடு கேட்டு, நிறுத்திவைத்திருந்த வண்டியில் யாரோ மோதிவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். அக்கா கேள்வியைக் கேட்டார். ஆள் கதையை மாற்றினார். மறுபடி கேட்டார். மறுபடி மாற்றினார். நான்காவது தடவை, “மேடம், என் வீட்டு கேட்டுலயே நான்தான் இடிச்சுட்டேன். வீட்டுல சொல்ல பயமா இருந்தது” என்று சொல்லிவிட்டு, இழப்பீட்டையே மறந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை இருபத்து மூன்று வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பார். கோரிக்கையை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே பேனாவால் ஒரு பழைய உறையின் பின்னால் எழுத ஆரம்பித்தார்.

புதன்கிழமைக்குள் பதினான்கு நிபந்தனைகள் ஆகிவிட்டன. உணவு இடைவேளையில் எழுதினார், வடிகட்டியில் தண்ணீர் நிரம்புகிற நேரத்தில் எழுதினார், கணவரின் பயிற்சிக் காரில் பின்னிருக்கையில் வீட்டுக்கு வரும்போதும் எழுதினார். சக்தி பழையதுதான்: தொட்டால் காயம் ஆறும். ஆனால் முதல் நிபந்தனை, காயம்பட்டவர் அது எப்படிப் பட்டது என்று சொல்லவேண்டும். இரண்டாவது, சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். பொய்யானால் ஆறாது. நான்காவது, நடந்ததைப் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும், குணப்படுத்துபவன் சாட்சியாகக் கூடாது. இப்படியே போய், பதினான்காவதில், குணப்படுத்துபவன் தன்னைத்தானே தொட்டுக்கொண்டால் பலிக்காது என்று முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை கடைக்காரர் முன்னுரை தொடங்குவதற்குள் அக்கா தன் தாளை எடுத்தார். மூன்று பகடைகளும் மேசையில் உருண்டன. புதுத் தாளை வைத்தார். இரண்டு பக்கம், நெருக்கி அடித்தது.

டாக்டரம்மா முதல் பக்கத்தின் பாதியில், “அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லி, வெள்ளைப் பகடையை எடுத்துக்கொண்டுபோய் தபால்காரரின் பறக்கும் வகையில் வைத்தார். தபால்காரர் பாதிகூடப் போகவில்லை. “எனக்கு டாக்டரோட போர்வீரன் போதும்மா” என்று கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டார். முகத்திலிருந்த நிம்மதியை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் தாளைக் கையிலெடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். படித்தார். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியிலும் உயிர் இருக்கிறது என்பதுபோலப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கத்துக்குத் திருப்பினார். கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து நின்றார். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு மெக்கானிக் வந்து தாளை மேசையில் வைத்து, அதன்மேல் கறுப்புப் பகடையை வைத்தார். “ஆரம்பிக்கலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆட்டம் சூடுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மேசையில் ரகசியச் சீட்டு என்று ஒரு வசதி உண்டு. மற்றவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய நினைத்தால் சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டலாம். காட்டில் எல்லோரும் தூங்குகிற கட்டத்தில் தபால்காரர் ஒரு சீட்டை நீட்டினார். கடைக்காரர் படித்தார், பகடையை உருட்டினார், புன்னகைத்தார். “போர்வீரனுக்குக் கையில ஆழமான காயம். ரத்தம் நிக்கல” என்றார்.

தபால்காரர் மெக்கானிக் பக்கம் கையை நீட்டினார். “தொடுங்க சார்.”

“என்ன நடந்தது?” என்றார் மெக்கானிக்.

“என்ன நடந்ததா? ஓநாய் கடிச்சிருச்சு.”

மெக்கானிக் தொட்டார். “ஆறல” என்றார் கடைக்காரர்.

“சரி, ஓநாய் இல்ல. காவலுக்கு எழுந்தேன், முள் குத்திருச்சு.”

“ஆறல.”

“இருட்டுல என் கத்தியே என் கையில பட்டிருச்சுங்க. போதுமா?”

“ஆறல. உயிர்ப்புள்ளி நாலு குறையுது.”

அக்கா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது கதைக்கும் நான்காவது கதைக்கும் நடுவில் வரும் அந்த முகத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார். தாளைப்பற்றிப் பேசத்தான் தடை. மனசுக்குள் கேட்கத் தடையில்லை: என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க.

தபால்காரரின் காது சிவந்தது. “எல்லாரும் தூங்கறப்ப அக்காவோட பையைத் துழாவினேன். உள்ள ஏதோ பொறி வெச்சிருக்காங்க.”

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். “சாட்சி?” என்றார் மெக்கானிக், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

“நான் பார்த்தேன்” என்றார் அக்கா. இது திருடனாகப் பேசுவது, விதிக்குள்தான் வரும். “தூங்கற மாதிரி படுத்திருந்தேன்.”

“ஆறிருச்சு” என்றார் கடைக்காரர். தபால்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். நிஜமான பெருமூச்சு. அதற்குப் பிறகு யாரும் கைபேசியைத் தொடவில்லை. ஆளாளுக்குச் சீட்டு நீட்டுவதும், அடிபட்டால் அசடு வழிய நிற்பதும், ஒருவர் குட்டு ஒருவரிடம் வெளிப்படுவதுமாக மேசை அமர்க்களப்பட்டது. ஐந்தரை மணிக்குக் குகையின் கூரை சரிந்தது. நால்வரும் பகடை உருட்டினார்கள். நால்வருக்கும் சின்ன எண் விழுந்தது. நால்வருக்கும் காயம்.

“பரவால்ல, இதுல பொய் சொல்ல ஒண்ணுமில்ல. கல்லு விழுந்துச்சு, எல்லாரும் பார்த்தோம். தொடுங்க சார்” என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் கையை நீட்டவில்லை. “முடியாது” என்றார். “நாலாவது நிபந்தனை, சாட்சி வேணும். பதினொண்ணாவது நிபந்தனை, உடம்புல காயம் இருக்கறவங்க சாட்சி சொல்லக் கூடாது. இங்க காயமில்லாத ஆளே இல்ல.” தாளை அவர் பார்க்கவில்லை. தாள் கடைக்காரரின் முழங்கைக்குக் கீழே இருந்தது.

 கடைக்காரர் தாளை இழுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். “ஆமா. இப்படியே விட்டா எல்லாரும் ரத்தம் போயே சாக வேண்டியதுதான்.” மூன்று வாரமாக அந்த மேசையில் யாருக்கும் இல்லாத பயம் இப்போது எல்லார் முகத்திலும் இருந்தது. டாக்டரம்மா தன் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “நேராவே கேக்கறேன் மேடம், பதில் சொல்லலாம். இது தெரிஞ்சே வெச்சதா, இல்ல தப்பா?”

தெரிந்தே வைத்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கியிருப்பார்கள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. தப்பு என்றால் ஓட்டைத் தாள், ஓட்டைத் தாளில் பகடை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

“தப்பு” என்றார் அக்கா. “பதினொண்ணாவதை வண்டியில வர்றப்ப எழுதினேன். முதல் பக்கம் பைக்குள்ள இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கணும், பார்க்கல. அலுவலகத்துல இப்படி ஒண்ணு நடந்தா என்னை வேலையைவிட்டே அனுப்பிருவாங்க.”

கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். “பகடையை எடுத்துக்கறீங்களா சார்?”

மெக்கானிக் கறுப்புப் பகடையைத் தொட்டார். தாளின் ஓரத்தில் இருந்ததை நடுவுக்குத் தள்ளி வைத்தார். “அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ரத்தம் போய்க்கிட்டிருக்கட்டும். காயமில்லாத ஆளு ஒருத்தரை எங்கயாவது தேடணும். நீங்க எதையும் திருத்திராதீங்க மேடம்.” பிறகு, இவ்வளவு நீளமாகப் பேசிவிட்டதே என்று கூச்சப்பட்டவர்போல, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

“அக்கா, அந்தத் தாளை ஒரு நாள் வீட்டுக்குக் குடுப்பீங்களா? எனக்கு மூணாவது பாயிண்ட்லருந்து படிக்கணும்” என்றார் டாக்டரம்மா.

அக்கா வீட்டுக்கு வந்தபோது கணவர் சோபாவில் இருந்தார். போன வாரத்துச் சோகம் நினைவிருந்ததால், எழுந்து நின்று எச்சரிக்கையாகக் கேட்டார்.

“என்ன ஆச்சு?”

“தப்பு கண்டுபிடிச்சுட்டாங்க.”

“அதுக்கா இப்படி சிரிச்சுக்கிட்டு வர்ற?”

“பெரிய தப்புங்க. நாலு பேரும் சாகக் கிடக்கறாங்க.” அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எத்தனாவது நிபந்தனையில?”

“பதினொண்ணாவதுல.”

 கணவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“அது வரைக்கும் படிச்சாங்களா?”

“பதினாலும் படிச்சிருக்காரு” என்றார் அக்கா.